கட்சி மாறினால் பதவி போகுமா?

ஹரியானா நம் நாட்டின் வடக்கே உள்ள மாநிலம். டெல்லிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோதுமை விளையும் பூமி. 1966 நவம்பர் 1-ஆம் தேதி பஞ்சாபிலிருந்து பிரிந்து தனி மாநிலம் ஆனது.

1967 பிப்ரவரியில் அங்கே முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 81 இடங்கள். காங்கிரஸ் கட்சி 48 இடங்களில் வென்றது. ஆட்சி அமைக்க 41 பேர் போதும். 48 பேர் இருந்தார்கள். பகவத் தயாள் சர்மா முதலமைச்சர் ஆனார். மார்ச் 10-ஆம் தேதி பதவி ஏற்றார்.

ஆட்சி ஐந்து ஆண்டு நடக்கும் என்றுதான் மக்கள் நினைத்தார்கள். இரண்டே வாரம்தான் நடந்தது.

காங்கிரஸ் உறுப்பினர்கள் பத்துப் பேருக்கு மேல் கட்சியை விட்டு வெளியே போனார்கள். சுயேச்சைகளையும் எதிர்க்கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு ஐக்கிய முன்னணி என்று ஓர் அணி அமைத்தார்கள். மார்ச் 24-ஆம் தேதி அந்த அணியின் தலைவர் ராவ் பீரேந்தர் சிங் முதலமைச்சர் ஆனார்.

அந்தச் சட்டமன்றத்தில் கயா லால் என்று ஓர் உறுப்பினர் இருந்தார். ஹசன்பூர் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவர். வென்றதும் காங்கிரசில் சேர்ந்தார். பிறகு ஐக்கிய முன்னணிக்குப் போனார். மறுபடி காங்கிரசுக்கு வந்தார். சில மணி நேரம்தான். மறுபடி ஐக்கிய முன்னணிக்கே போய்விட்டார். எல்லாம் பதினைந்து நாட்களுக்குள் நடந்தது.

ராவ் பீரேந்தர் சிங் அவரைப் பத்திரிகையாளர்கள் முன் நிறுத்தினார். “கயா ராம் இப்போது ஆயா ராம் ஆகிவிட்டார்” என்றார். இந்தியில் ‘ஆயா’ என்றால் வந்தார். ‘கயா’ என்றால் போனார். கயா லாலின் பெயரை வைத்தே சொன்ன கேலி இது. இந்தக் கேலி நாடு முழுவதும் பரவியது. இன்றும் கட்சி மாறுகிறவரை வடநாட்டில் “ஆயா ராம், கயா ராம்” என்றுதான் சொல்கிறார்கள்.

கயா லால் ஒருவர் மட்டும் தாவவில்லை. பெயர் மட்டும் அவர் தலையில் விழுந்துவிட்டது. அந்த ஆண்டு ஹரியானாவில் தாவியவர்கள் பலர். இந்தப் பக்கம் நான்கு பேர் போனால் அந்தப் பக்கத்திலிருந்து நான்கு பேர் வருவார்கள். யாருக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று காலையில் ஒரு கணக்கு. மாலையில் வேறு கணக்கு. ஆளுநர் இந்தத் தாவல்களைக் குறிப்பிட்டு டெல்லிக்கு அறிக்கை அனுப்பினார். 1967 நவம்பரில் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1968-இல் ஹரியானா மக்கள் மறுபடி வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள்.

ஏன் தாவினார்கள்?

1967, 1968-இல் பல மாநிலங்களில் இதே கதைதான். உத்தரப் பிரதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தில் கவிழ்ந்தது. பீகாரில் கவிழ்ந்தது.

நாடாளுமன்றம் கவலைப்பட்டது. 1967 டிசம்பரில் மக்களவையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. இதை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ஒய்.பி. சவான் அதன் தலைவர்.

குழு கணக்கு எடுத்தது. 1967 மார்ச் முதல் 1968 பிப்ரவரி வரை 12 மாதங்கள். இந்த 12 மாதங்களில் நாடு முழுவதும் 438 கட்சித் தாவல்கள் நடந்திருந்தன. அதற்கு முன் பத்து ஆண்டுகளில் நடந்தவை 542. பத்து ஆண்டில் நடந்ததில் பெரும் பகுதி ஒரே ஆண்டில் நடந்துவிட்டது.

குழு இன்னொரு கணக்கும் எடுத்தது. மாநிலங்களில் கட்சி தாவிய 210 உறுப்பினர்களைப் பார்த்தது. அவர்களில் 116 பேருக்கு மந்திரி பதவி கிடைத்திருந்தது. எந்த ஆட்சி வரத் தாவினார்களோ அதே ஆட்சியில் கிடைத்த பதவி. பாதிக்கு மேல்.

‘கொள்கை பிடிக்கவில்லை’, ‘மனசாட்சி உறுத்தியது’ என்று தாவியவர்கள் பேசினார்கள். 116 என்ற எண் வேறு காரணம் சொன்னது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரர் சந்தைக்குப் போகிறார். அவரிடம் பணம் கொடுக்கிறீர்கள். உழவு மாடு வாங்கி வரச் சொல்கிறீர்கள். அவர் உங்கள் பணத்தில் சந்தையில் தமக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு வருகிறார். கேட்டால், “மனசு மாறிவிட்டது” என்கிறார். சும்மா விடுவீர்களா? பணத்தை எண்ணி வைக்கச் சொல்வீர்கள். ஆனால் ஓட்டை எண்ணித் திருப்பி வாங்க முடியாது. ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டில் அவர் மந்திரியாகவே இருந்துவிட்டுப் போவார்.

சட்டம் வந்த கதை

குழு 1969-இல் அறிக்கை கொடுத்தது. உடனே சட்டம் வந்துவிட்டதா? இல்லை. 1973-இல் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 1978-இல் ஒரு மசோதா வந்தது. அதுவும் நிறைவேறவில்லை. வேலி போட வேண்டியவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள். வேலி அவர்களுக்கேதான். அவசரப்படுவார்களா?

இதற்கிடையில் 1980 ஜனவரியில் ஹரியானா மறுபடி பேச்சுக்கு வந்தது. முதலமைச்சர் பஜன்லால் ஜனதா கட்சியைச் சேர்ந்தவர். டெல்லியில் ஜனதா தோற்றது. காங்கிரஸ் வென்று இந்திரா காந்தி மறுபடி பிரதமர் ஆனார். பஜன்லால் தம் கட்சி உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு அப்படியே காங்கிரசுக்குப் போய்விட்டார். முதலமைச்சர் நாற்காலி அவரிடமே இருந்தது. கட்சி மட்டும் மாறியது.

1984 கடைசியில் தேர்தல் நடந்தது. ராஜீவ் காந்தி பெரும் வெற்றி பெற்றுப் பிரதமர் ஆனார். 1985 ஜனவரியில் கட்சித் தாவல் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவை ஜனவரி 30-ஆம் தேதி நிறைவேற்றியது. மாநிலங்களவை மறுநாளே நிறைவேற்றியது. 17 ஆண்டு இழுத்த வேலை சில நாட்களில் முடிந்தது. 1985 மார்ச் 1-ஆம் தேதி முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இது அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தம். இதன் விதிகள் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் உள்ளன. மக்களவை, மாநிலங்களவை, மாநிலச் சட்டமன்றம், மேலவை ஆகிய எல்லா அவைகளின் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும்.

எப்போது பதவி போகும்?

ஒருவர் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று வெல்கிறார். பிறகு தாமாகவே அந்தக் கட்சியை விட்டு விலகுகிறார். அவர் பதவி போகும்.

விலகல் கடிதம் கொடுத்தால்தான் விலகல் என்று சிலர் வாதாடினார்கள். “நான் எழுதிக் கொடுக்கவே இல்லையே” என்றார்கள். கோவா மாநில வழக்கு ஒன்றில் 1994-இல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. கடிதம் வேண்டியதில்லை, ஒருவருடைய நடத்தையே போதும் என்றது. வேறு கட்சி மேடையில் ஏறி, அந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டால் அது எதைக் காட்டுகிறது? வீட்டை விட்டுப் போகிறவர் எழுதிக் கொடுத்துவிட்டா போகிறார்?

கட்சியே ஒருவரை வெளியே தள்ளினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்சி நீக்கினாலும் சட்டத்தின் கண்ணில் அவர் பழைய கட்சிக்காரர்தான். அவர் வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

சுயேச்சையாக வென்றவர் எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது. சேர்ந்தால் பதவி போகும். அந்நாள் கயா லாலுக்கு இந்தச் சட்டம் இருந்திருந்தால் காங்கிரசில் சேர்ந்த முதல் நாளே அவர் கதை முடிந்திருக்கும். நியமன உறுப்பினருக்கு மட்டும் ஆறு மாதம் தவணை உண்டு. அதற்குள் ஒரு கட்சியில் சேரலாம். அதற்குப் பிறகு சேரக்கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. அதுதான் பெரிய விதி. அதைப் புரிந்துகொள்ளக் கொறடாவைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொறடா என்பவர் யார்?

கொறடா என்ற சொல்லுக்குச் சவுக்கு என்று பொருள். குதிரைக்காரர் கையில் இருக்குமே, அந்தச் சவுக்கு. இங்கிலாந்தில் வேட்டைக்குப் போகும்போது நாய்கள் கூட்டத்தை விட்டுச் சிதறாமல் சவுக்கோடு ஒருவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பெயர் அவர்கள் நாடாளுமன்றத்திற்கு வந்தது. அங்கிருந்து நம் நாட்டுக்கும் வந்தது.

சட்டமன்றத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கொறடா உண்டு. முக்கியமான ஓட்டெடுப்பு வரும்போது அவர் தம் கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு அனுப்புவார். ‘எல்லோரும் அவைக்கு வர வேண்டும். இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும்’ என்று அதில் இருக்கும். மிக முக்கியமானது என்றால் அந்த வரிகளின் கீழே மூன்று கோடு போடுவது வழக்கம்.

உறுப்பினர் இந்த உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். ஓட்டே போடாமல் இருந்தாலும் போகும். முன்கூட்டியே கட்சியிடம் அனுமதி வாங்கியிருந்தால் தப்பலாம். மீறிய பிறகு 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலும் தப்பலாம்.

குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இது பொருந்தாது. அது இரகசிய ஓட்டு.

ஒருவர் போனால் தாவல், ஊரே போனால்?

சட்டம் வந்தபோதே அதில் ஒரு வாசலும் வைத்தார்கள். ஒரு கட்சியின் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் சேர்ந்து பிரிந்தால் அது தாவல் இல்லை. அது கட்சிப் பிளவு. யார் பதவியும் போகாது. கொள்கை வேறுபாட்டால் ஒரு கட்சி உண்மையாகவே உடையலாம், அதைத் தடுக்கக்கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம்.

நடந்தது வேறு. தனியாகத் தாவ முடியாதவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு தாவினார்கள். சில்லறை வியாபாரம் நின்றது. மொத்த வியாபாரம் தொடங்கியது.

1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் இது உச்சத்துக்குப் போனது. முதலமைச்சர் கல்யாண் சிங் ஆட்சிக்கு ஆதரவு தந்த கட்சி விலகிக்கொண்டது. மற்றக் கட்சிகளை உடைத்து வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி நின்றது. வந்தவர்களுக்குப் பதவி கொடுக்க வேண்டுமே. மந்திரி சபையில் மொத்தம் 93 பேர். ஒரு மந்திரிக்கு ஒரு கார், ஓர் அலுவலகம், ஓர் உதவியாளர் என்று கணக்குப் போட்டால் செலவு என்ன ஆகும்? அது மக்கள் வரிப்பணம்.

2003-இல் அரசியல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். இது 91-ஆவது திருத்தம். மூன்றில் ஒரு பங்கு என்ற வாசலை அடைத்தார்கள். மந்திரிகளின் எண்ணிக்கைக்கும் அளவு வைத்தார்கள். அவையின் மொத்த இடங்களில் நூற்றுக்கு 15-க்கு மேல் மந்திரிகள் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 234 இடங்கள். முதலமைச்சரையும் சேர்த்து 35 பேர்தான் இருக்கலாம். சிறிய மாநிலமாக இருந்தால் 12 பேர் வரை இருக்கலாம். கட்சி தாவிப் பதவி இழந்தவர், மறுபடி தேர்தலில் வெல்லும் வரை மந்திரி ஆக முடியாது. அவையின் காலம் அதற்குள் முடிந்தால் தடையும் முடியும்.

ஆனால் ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. அதற்குப் பெயர் இணைப்பு. ஒரு கட்சி இன்னொரு கட்சியோடு இணைகிறது. அதன் அவை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். அப்போது யார் பதவியும் போகாது. ஒரு கட்சி இணைகிறது என்றால் அதன் தலைவர், தொண்டர், கிளை எல்லாம் சேர வேண்டாமா? நடைமுறையில் பல முறை உறுப்பினர்கள் மட்டும் போனார்கள். கட்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கோவாவில் 2019 ஜூலையில் காங்கிரசுக்கு 15 உறுப்பினர்கள். பி.ஜே.பி.க்குப் போனவர்கள் 10 பேர். 15-இல் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு? சரியாகப் பத்து.

தெலுங்கானாவில் 2018 டிசம்பர் தேர்தலில் காங்கிரஸ் 19 இடங்களில் வென்றது. மூன்றில் இரண்டு பங்குக்கு 13 பேர் வேண்டும். மாநிலத் தலைவர் மக்களவைக்குத் தேர்வாகிச் சட்டமன்றப் பதவியை விட்டார். 18 பேர் ஆனார்கள். இப்போது 12 பேர் போதும். 2019 ஜூனில் சரியாக 12 பேர் தெலுங்கானா ராஷ்டிர சமிதியில் இணைந்தார்கள்.

அதே 2019-இல் ராஜஸ்தானில் பகுஜன் சமாஜ் கட்சிக்கு 6 உறுப்பினர்கள். ஆறு பேரும் காங்கிரசில் இணைந்தார்கள். ஒரு மாநிலத்தில் ஆளை இழந்த கட்சி இன்னொரு மாநிலத்தில் ஆளைச் சேர்த்தது. எந்தக் கட்சியும் இந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்ததில்லை.

அருணாசலப் பிரதேசத்தில் 2016-இல் நடந்ததைப் பார்த்தால் கயா லாலே அசந்துபோவார். செப்டம்பரில் காங்கிரசின் 44 உறுப்பினர்களில் முதலமைச்சரோடு 43 பேர் ஒரு மாநிலக் கட்சிக்குப் போனார்கள். காங்கிரசில் ஒருவர் மிஞ்சினார். டிசம்பர் கடைசியில் அந்த 43 பேரில் முதலமைச்சரோடு 33 பேர் பி.ஜே.பி.க்குப் போனார்கள். ஒரே ஆண்டில் மூன்று கட்சி ஆட்சி. முதலமைச்சர் ஒருவரே. மக்கள் ஒரு முறைகூட ஓட்டுப் போடவில்லை. யார் பதவியும் போகவில்லை.

கோவாவுக்கு மறுபடி போவோம். 2019-இல் சூடுபட்ட காங்கிரஸ் 2022 தேர்தலுக்கு முன் ஒரு வேலை செய்தது. தன் வேட்பாளர்களைக் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் தர்காவுக்கும் அழைத்துப் போனது. ‘கட்சி மாற மாட்டோம்’ என்று சத்தியம் வாங்கியது. 11 பேர் வென்றார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே 8 பேர் பி.ஜே.பி.க்குப் போனார்கள். 11-இல் மூன்றில் இரண்டு பங்கு ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே எட்டுப் பேர் வேண்டும். சத்தியத்தை மறந்தவர்கள் கணக்கை மறக்கவில்லை.

தீர்ப்புச் சொல்பவர் யார்?

ஒருவர் கட்சி தாவினாரா, இல்லையா என்று முடிவு செய்பவர் சபாநாயகர். மாநிலங்களவையிலும் மேலவையிலும் அவைத் தலைவர். அவர் முடிவு சொன்னால்தான் பதவி போகும். அதுவரை தாவியவர் உறுப்பினராகவே இருப்பார். மந்திரியாகவும் இருக்கலாம்.

சபாநாயகர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் ஆளும் கட்சியிலிருந்து வருகிறார். தாவுகிறவர்கள் எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் ஆளும் கட்சிக்குப் போகிறார்கள். நம் வீட்டு வேலித் தகராறை எதிராளியின் அண்ணனே தீர்த்துவைப்பது போன்றது இது. அவர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் நமக்கு மனம் ஆறுமா?

சபாநாயகர் முடிவே கடைசி முடிவு, எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது என்று 1985 சட்டத்தில் ஒரு விதி இருந்தது. நாகாலாந்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1992-இல் ஐந்து நீதிபதிகள் விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் செல்லும், ஆனால் அந்த ஒரு விதி செல்லாது என்றார்கள். சபாநாயகர் முடிவு தப்பு என்றால் நீதிமன்றம் போகலாம். இரண்டு நீதிபதிகள் வேறு கருத்துச் சொன்னார்கள். அவை உறுப்பினர்களின் ஆதரவில் பதவியில் இருக்கும் சபாநாயகர் கையில் இந்த வேலையைக் கொடுப்பதே சரியில்லை என்றார்கள். தீர்ப்பில் அவர்கள் சிறுபான்மை. ஆனால் பிறகு வந்த ஆண்டுகள் அவர்கள் பயந்தது சரிதான் என்று காட்டின.

மணிப்பூரைப் பாருங்கள். 2017 தேர்தலில் ஒருவர் காங்கிரஸ் சின்னத்தில் வென்றார். வென்ற உடனே பி.ஜே.பி. ஆட்சியில் மந்திரி ஆனார். தாவல் ஊருக்கே தெரிந்தது. சபாநாயகரிடம் மனுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் போனது. ஓர் ஆண்டு போனது. மூன்று ஆண்டும் நெருங்கியது. மனு அப்படியே கிடந்தது. முடிவு சொல்லாவிட்டால் நீதிமன்றத்தில் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு போட்டது. விசேஷ காரணம் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் சபாநாயகர் முடிவு சொல்ல வேண்டும் என்றது. இந்த வேலைக்கு நீதிபதிகள் கொண்ட தனி அமைப்பை உருவாக்கலாமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. மார்ச் மாதம் அந்த மந்திரியை நீதிமன்றமே பதவியிலிருந்து இறக்கியது. ஐந்து ஆண்டுப் பதவியில் மூன்று ஆண்டை அவர் அனுபவித்துவிட்டார்.

அதற்குப் பிறகும் தாமதம் நிற்கவில்லை. தெலுங்கானாவில் முன்பு ஆளைச் சேர்த்த கட்சி 2023-இல் தோற்றது. 2024-இல் அதன் உறுப்பினர்கள் பத்துப் பேர் ஆளும் காங்கிரஸ் பக்கம் போனதாக வழக்கு எழுந்தது. சபாநாயகர் முடிவு சொல்லவில்லை. 2025 ஜூலை 31-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மூன்று மாதத் தவணை கொடுத்து முடிவு சொல்ல உத்தரவிட வேண்டியிருந்தது.

சபாநாயகரிடம் யார் மனுக் கொடுக்கலாம்? அவை உறுப்பினர்தான் கொடுக்க வேண்டும் என்று முன்பு சொல்லிவந்தார்கள். அவையில் உறுப்பினராக இல்லாதவரும் கொடுக்கலாம் என்று ஒடிசா வழக்கு ஒன்றில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இராஜினாமா என்ற குறுக்கு வழி

சட்டம் இறுகினால் புது வழி பிறக்கிறது. கர்நாடகத்தில் 2019 ஜூலையில் ஆளும் கூட்டணி உறுப்பினர்கள் பலர் பதவியை இராஜினாமா செய்தார்கள். பதவியே வேண்டாம் என்பவரிடம் எந்தப் பதவியைப் பறிப்பது? அவர்கள் போனதால் அவையில் எண்ணிக்கை குறைந்தது. ஆட்சி கவிழ்ந்தது. சபாநாயகர் 17 பேரைத் தகுதி நீக்கம் செய்தார். அவையின் காலம் முடியும் வரை தேர்தலில் நிற்கக்கூடாது என்றும் சொன்னார். உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கத்தை ஏற்றது. தேர்தலில் நிற்கத் தடை போடச் சபாநாயகருக்கு அதிகாரம் இல்லை என்றது.

2019 டிசம்பரில் 15 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. பதவி இழந்தவர்களில் பெரும்பாலோர் பி.ஜே.பி. சின்னத்தில் நின்றார்கள். பி.ஜே.பி. 12 இடங்களில் வென்றது. வென்றதும் பலர் மந்திரி ஆனார்கள். 2020 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்திலும் 22 பேர் இதே வழியில் போனார்கள். அங்கும் ஆட்சி கவிழ்ந்தது.

‘மக்கள்தானே மறுபடி ஓட்டுப் போட்டார்கள், இதில் என்ன தப்பு?’ என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. தாவிய பிறகு மக்களிடம் வந்து கேட்டார்கள். அருணாசலத்தில் அதுகூட நடக்கவில்லையே.

வாய்ப்பூட்டு

இந்தச் சட்டத்தைக் குறை சொல்பவர்கள் எல்லோரும் தாவல்காரர்கள் அல்ல. அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கரும்பு விளையும் ஒரு தொகுதி. அங்கே வென்றவர் ஆளும் கட்சி உறுப்பினர். கரும்பு விவசாயிகளைப் பாதிக்கும் ஒரு மசோதா வருகிறது. தொகுதி மக்கள் அவரிடம் வந்து, “ஐயா, இதுக்கு ஓட்டுப் போட்டுடாதீங்க. எங்க பொழப்பே போயிடும்” என்கிறார்கள். அவருக்கும் மனசு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கொறடா உத்தரவு வந்துவிட்டது. மீறினால் பதவி போகும். அவர் அவையில் எதிர்த்துப் பேசலாம். ஓட்டு மட்டும் ஆதரவாகப் போட வேண்டும்.

அவர் எந்த மந்திரி பதவிக்கும் ஆசைப்படவில்லை. பணம் வாங்கவில்லை. கட்சி மாறவும் இல்லை. தம்மை அனுப்பிய மக்களுக்காக ஓட்டுப் போட நினைத்தார். அவரையும், விலைக்குப் போனவரையும் இந்தச் சட்டம் ஒரே தராசில் வைக்கிறது. எல்லா மசோதாவிலும் தலைவர் சொன்னபடிதான் கை தூக்க வேண்டும் என்றால் அவையில் விவாதம் எதற்கு என்று கேட்கிறார்கள்.

1990-இல் தினேஷ் கோஸ்வாமி குழு இதற்கு ஒரு வழி சொன்னது. ஆட்சி இருக்குமா, போகுமா என்ற நம்பிக்கை ஓட்டெடுப்பில் மட்டும் கட்சி உத்தரவை மீறினால் பதவி போகட்டும். மற்ற ஓட்டெடுப்புகளில் உறுப்பினரை விட்டுவிடலாம் என்றது. பதவி நீக்கத்தைச் சபாநாயகரிடம் விடாமல், தேர்தல் ஆணையத்தின் யோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவு செய்யட்டும் என்றும் சொன்னது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. யோசனை யோசனையாகவே இருக்கிறது. எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் கொறடாவின் சவுக்கு பிடித்துப்போய்விட்டது.

உள்ளூர் மன்றங்களில்

பத்தாவது அட்டவணை ஊராட்சி, நகராட்சி மன்றங்களுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு மாநிலங்கள் தனிச் சட்டம் போடலாம். கேரளம் 1999-இல் போட்டது. அங்கே பஞ்சாயத்து உறுப்பினர் கட்சி தாவினால் மாநிலத் தேர்தல் ஆணையம் விசாரித்து முடிவு சொல்கிறது. ஆளும் கட்சித் தலைவரிடம் அந்தப் பொறுப்பு இல்லை. சட்டமன்றத்துக்கும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு முறை பதவி இழந்தவர்

மிசோரம் வடகிழக்கே உள்ள சிறிய மாநிலம். அங்கே லால்துஹோமா என்பவர் 1984-இல் காங்கிரஸ் சார்பில் மக்களவை உறுப்பினர் ஆனார். பிறகு காங்கிரசை விட்டு விலகினார். 1988 நவம்பரில் அவர் பதவி போனது. இந்தச் சட்டத்தால் பதவி இழந்த முதல் மக்களவை உறுப்பினர் அவர்தான்.

முப்பது ஆண்டு கழித்து, 2018-இல் அவர் சேர்ச்சிப் தொகுதியில் சுயேச்சையாக நின்று சட்டமன்றத்துக்கு வந்தார். பிறகு ஜோரம் மக்கள் இயக்கம் என்ற கட்சியை நடத்தினார். சுயேச்சை எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது அல்லவா? 2020 நவம்பரில் சபாநாயகர் அவர் பதவியைப் பறித்தார். 2021-இல் அதே தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை அவர் தம் கட்சியின் சார்பில் நின்றார். மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். 2023 டிசம்பரில் அவர் மிசோரத்தின் முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.